சீட்டின் உயரத்தைத் தரையை வைத்துப் பார்க்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் பலரும் முதலில் பார்ப்பது, கால் தரையில் எட்டுகிறதா என்பதைத்தான். இரண்டு பாதமும் அழுந்தப் பதிந்துவிட்டால் சீட் சரியாக இருக்கிறது என்று நட்டை முறுக்கிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஓட்டும்போது கால் வேலை செய்வது பெடலோடு. சீட்டின் உயரத்தையும் பெடலிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளில், இரண்டு கிராங்க்கும், அதாவது பெடல்கள் பூட்டியிருக்கும் இரண்டு கைகளும், சேரும் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கிராங்க்கின் நீளம் பெரும்பாலும் 17 சென்டிமீட்டர். ஆக, பெடல் முழுக்கக் கீழே இறங்கினாலும் தரைக்கு மேல் 10 சென்டிமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. தரையில் காலை நீட்டி ஊன்றும் அளவுக்குச் சீட்டை இறக்கினால், அந்த 10 சென்டிமீட்டரை எங்கே ஒளிப்பது? முழங்கால்தான் மடங்கிக் கொடுக்க வேண்டும். பெடல் மேலே வரும்போது நிலைமை இன்னும் மோசம், முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறிவிடும். அப்படி மடங்கிய காலால் ஒவ்வொரு மிதியையும் அழுத்தும்போது முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. தொடையின் முன்தசை சீக்கிரம் களைக்கிறது. சிறிய மேட்டில்கூடத் தொடை எரிகிறது என்று சொல்பவர்களில் பலருக்குக் குறை உடம்பில் இல்லை, சீட்டில் இருக்கிறது.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். குதிகால் போதும். வழக்கமாக எந்தச் செருப்போ ஷூவோ போட்டு ஓட்டுவீர்களோ, அதையே போட்டுக்கொள்ளுங்கள். சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, சீட்டின் நடுவில் நன்றாகப் பதிந்து உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் சீட்டிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் கிராங்க் சீட் கம்பியின் நேர்க்கோட்டிலேயே நீண்டிருக்கும். அப்போது முழங்கால் முழுக்க நேராகி, குதிகால் பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழங்கால் மடங்கியிருந்தால் சீட் தாழ்வு. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தால்தான் குதிகால் எட்டுகிறது என்றால் சீட் உயரம். மறுகாலிலும் பார்த்துவிடுங்கள். இரண்டு காலும் துல்லியமாக ஒரே நீளமாக இருப்பதில்லை. வேறுபாடு இருந்தால் குட்டையான காலுக்கே சீட்டை வையுங்கள்.

இனி குதிகாலை எடுத்துவிட்டு, ஓட்டும்போது வைப்பது போல முன்பாதத்தை, அதாவது பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் அகன்ற பகுதியை, பெடலின் அச்சுக்கு மேல் வையுங்கள். நேராக இருந்த முழங்கால் தானாகவே கொஞ்சம் மடங்கும். நேர்க்கோட்டிலிருந்து 25 முதல் 35 பாகை வரையிலான அந்த மடக்கம்தான் நமக்கு வேண்டியது. குதிகால் உயர்ந்த செருப்போடு இந்தச் சோதனையைச் செய்தால் சீட் தேவைக்கு மேல் ஏறிவிடும். அதை மட்டும் கவனியுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு வேறு வழியும் உண்டு. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே சீட் அழுத்துவது போலவே மேலே இறுக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உட்கால் நீளம் கிடைக்கும். அதை 0.883 ஆல் பெருக்குங்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரோடு பரவிய எண் இது. உட்கால் 80 சென்டிமீட்டர் என்றால் விடை 70.6. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட் கம்பி வழியாகச் சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவு வர வேண்டும். 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த இன்னொரு கணக்கு, பெடலிலிருந்து சீட் வரை உட்கால் நீளத்தில் 109 சதவீதம் என்கிறது. 80 சென்டிமீட்டருக்கு அது 87.2. 17 சென்டிமீட்டர் கிராங்க்கைக் கழித்தால் 70.2 வருகிறது. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் பாதத்தின் நீளம், ஷூவின் அடிப்பாகம், மிதிக்கும்போது குதிகாலைத் தூக்கும் பழக்கம் எதுவும் இந்தக் கணக்குகளுக்குத் தெரியாது. கணக்கைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, முடிவை முழங்காலிடம் விடுவதே நல்லது.

சீட்டை ஏற்ற இறக்க, ஃபிரேமின் மேல்முனையில், கம்பி உள்ளே நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் பட்டையான கிளாம்ப்பைத் தளர்த்த வேண்டும். சீட்டுக்கு நேர் அடியில் இருக்கும் நட்டு சாய்வுக்கானது, அதைத் தொடாதீர்கள். கம்பியை இடமும் வலமும் திருகியபடியே தூக்கினால் வரும். பல வருடங்களாகத் தொடாமல் துருவேறி இறுகியிருந்தால், துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். சுத்தியலால் அடித்தால் சீட் உடையுமே தவிர கம்பி அசையாது. வெளியே வந்ததும் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுங்கள். கார்பன் கம்பி அல்லது கார்பன் ஃபிரேம் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்றே உள்ள கார்பன் பேஸ்ட்தான்.

கம்பியில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். அந்தக் கோடு எப்போதும் ஃபிரேமுக்குள் மறைந்தே இருக்க வேண்டும். இதை மீறினால் உடம்பின் எடை முழுவதும் உள்ளே எஞ்சிய கொஞ்ச நீளத்தில் நெம்புகோல் போல இறங்கும். கம்பி வளையலாம், முறியலாம், ஃபிரேமின் குழாய் வெடிப்பு விடலாம். கோடு வரை ஏற்றியும் உயரம் போதவில்லையா? அதே குறுக்களவில் நீளமான கம்பியை வாங்குங்கள். குறுக்களவு பெரும்பாலும் கம்பியின் கீழ்ப்பகுதியிலேயே பொறித்திருக்கும். 27.2 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 27.0 போட்டால், எவ்வளவு முறுக்கினாலும் ஓட்ட ஓட்டச் சீட் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

உயரம் கூடிப்போனால் அதை உடம்பே காட்டிக்கொடுக்கும். பின்னால் வருபவரிடம் உங்கள் இடுப்புப் பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் அது தராசுத் தட்டு போல ஏறி இறங்கினால் சீட் உயரம். கால்விரலை நீட்டிப் பெடலைத் தேடுவதும், முழங்காலின் பின்புறம் இழுப்பதும், உட்காருமிடத்தில் உரசல் புண் வருவதும் அதே கதைதான். வலி முழங்காலின் முன்புறம் என்றால் சீட்டை ஏற்றிப் பாருங்கள், பின்புறம் என்றால் இறக்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் 3 முதல் 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்ற வேண்டாம். நாலைந்து முறை ஓட்டிய பிறகே அடுத்த மாற்றம். நெடுநாள் தாழ்வாக ஓட்டியவருக்குச் சரியான உயரம் முதல் வாரம் வினோதமாகத்தான் படும். சீட்டைச் சரிசெய்த பிறகும் வலி விடவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினாலும் உயரம் மாறும். ஒரு சென்டிமீட்டர் பின்னே தள்ளினால் பெடலிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விலகும். அதனால் நகர்த்திய பிறகு குதிகால் சோதனையை மறுபடி செய்யுங்கள். சாய்வு சமமட்டமாக இருக்கட்டும்.

இவ்வளவு கேட்ட பிறகும் ஒரு பயம் மிஞ்சும்: சீட்டை ஏற்றினால் எப்படி நிறுத்துவது? உட்கார்ந்தபடியே நிறுத்துவதுதான் சிக்கல். வேகம் குறைந்ததும் ஒரு பெடலைக் கீழே விட்டு, அதன் மேல் எழுந்து நின்று, சீட்டுக்கு முன்னால் நழுவி, மறுகாலைத் தரையில் ஊன்றுங்கள். கிளம்பும்போது ஒரு பெடலைக் கடிகாரத்தின் இரண்டு மணி முள் நிலைக்குக் கொண்டுவந்து, அதை மிதித்து எழுந்து, உருளத் தொடங்கியதும் உட்காருங்கள். காலியான மைதானத்தில் பத்துப் பதினைந்து முறை செய்தால் கை, கால் பழகிவிடும். ஓட்டக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு மட்டும் இது பொருந்தாது. சமநிலை வரும்வரை அதன் இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வளரும் பிள்ளைகள் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குதிகால் சோதனை செய்துவிடுங்கள்.

உயரம் அமைந்ததும், கிளாம்ப்புக்கு நேர் மேலே கம்பியில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவையுங்கள். கம்பி நழுவினாலும் தெரியும், வேறு யாராவது இறக்கி ஓட்டினாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

வணக்கம்.