கறுப்புத் திரைக்குப் பயப்பட வேண்டாம்

வணக்கம் நேயர்களே. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், ப்ராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5. ஸ்கிரீன் பளிச்சென்று இருக்கிறது, கீபோர்டில் ஓர் எழுத்துகூட அழியவில்லை, மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் என் பிழைப்பு, அதற்கு இது தாராளமாகப் போதும். இதை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்க மனசு வரவில்லை, அதனால் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். கொள்கை, கட்டற்ற மென்பொருள் என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை, காசுதான் காரணம். பிடித்துப்போனது அப்புறம்.

லினக்ஸ் என்றதும் ஏதோ விஞ்ஞானிகள் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தது இது. உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு 2011-லிருந்து அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களிலும் விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸ் என்று ஒன்று வந்தது, சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் தெருப் பையன்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, பார்க்கச் சொல்லவும் ஆள் இல்லை.

மின்ட்டில் எனக்குப் பெரிதாகப் புதுசு பழக வேண்டியிருக்கவில்லை. இடது கீழ் மூலையில் மெனு, கீழே பட்டை, வலது கீழே கடிகாரம், எல்லாம் கை போகிற இடத்திலேயே இருந்தது. பயந்தது தமிழுக்குத்தான். மொழி அமைப்புக்குள் போய், பல மொழிகளில் அடிக்க உதவுகிற ஐபஸ் என்பதையும் அதற்கான எம்17என் என்ற தொகுப்பையும் சேர்த்ததும் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே விசை. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். விண்டோஸில் அடித்த அதே வேகம். யூனிகோடுக்கு முந்தைய காலத்துப் பழைய ஃபைல்கள் முதலில் கிறுக்கலாகத் தெரிந்தன, அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டதும் சரியாகிவிட்டது.

இப்போது அந்தக் கறுப்புத் திரை, டெர்மினல், அதாவது மவுஸால் சொடுக்காமல் கட்டளையை எழுத்தாக அடிக்கிற இடம். எல்லோரும் ஓடுவது அதைக் கண்டுதான், எனக்கு லினக்ஸ் பிடித்ததே அதனால்தான். முன்பெல்லாம் ஒரு வீடியோ ப்ளேயர் வேண்டுமென்றால் கூகுளில் தேடி ஒரு பக்கத்துக்குப் போவோம், அங்கே பச்சை நிறத்தில் நாலு டவுன்லோட் பட்டன் இருக்கும், மூன்று விளம்பரம், எது நிஜம் என்று ஜோசியம் பார்க்க வேண்டும். இங்கே ஒரு வரி. வானொலியிலேயே சொல்லிவிடலாம்: சூடோ, இடைவெளி, ஏபிடி, இடைவெளி, இன்ஸ்டால், இடைவெளி, விஎல்சி. அவ்வளவுதான். சூடோ என்பது நிர்வாகி அனுமதி, பாஸ்வேர்ட் கேட்கும், சில லினக்ஸ்களில் அடிக்கும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாது, கீபோர்ட் போய்விட்டதோ என்று பதறாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஏபிடி, மின்ட்டும் அதற்கு அடிப்படையான உபுண்டு என்ற லினக்ஸும் வைத்திருக்கிற பொதுக் களஞ்சியத்திலிருந்து அந்த மென்பொருளை எடுத்துவந்து போட்டுவிடும். அப்படிப் போட்ட எல்லாவற்றுக்கும் அப்டேட்டும் ஒரே இடத்திலிருந்து ஒன்றாக வரும். வேலைக்கு நடுவே ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கழுத்தைப் பிடிக்காது.

இதன் அருமை தெரிந்தது என் அக்கா லேப்டாப்புக்கும் மின்ட் போட்டுக் கொடுத்த பிறகு. அவள் தென்காசியில், நான் சென்னையில். முன்பு ஒரு கோளாறு என்றால் போனில் அரை மணி நேரம் போகும். "வலது மேல் மூலையில பாருக்கா." "எது தம்பி, அந்த மூணு கோடா?" "இல்லக்கா, அதுக்குப் பக்கத்துல." "பக்கத்துல ஒண்ணுமே இல்லையேடா." இப்போது சத்தம் வரவில்லை என்றால் ஆடியோவை மறுபடி தொடங்குகிற வரியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அவள் லேப்டாப்பிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து அதை அப்படியே நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுகிறாள். ஒட்டுவதற்குக் கன்ட்ரோலும் வி-யும் மட்டும் போதாது, ஷிப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும், அதை மட்டும் ஒரு தடவை சொன்னேன். வேலை செய்த வரிகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், பால் கணக்கு எழுதுகிற அதே நோட்டில். ஆனால் ஒன்று: முன்பின் தெரியாதவர் அனுப்புகிற வரியை, அதுவும் சூடோ என்று ஆரம்பித்தால், என்னவென்று தெரியாமல் ஒட்டவே கூடாது. மொத்த டிஸ்க்கையும் அழிக்கவும் ஒரு வரி போதும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. என் பிரிண்டர் சொன்னபடி கேட்டது, அதிலேயே இருக்கிற ஸ்கேனர் நன்றாக அடம் பிடித்தது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரை நம்பி இருக்கிற அச்சகக்காரர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், டேலியில் கணக்கு எழுதுகிற கடைக்காரர்களும் அப்படியே. எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இணையத்தில் ஆயிரம் வழி சொல்வார்கள், மாதக் கடைசியில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டுவது வேண்டாத வேலை. பிரவுசர், மின்னஞ்சல், கடிதம், பாட்டு, படம் என்று இருக்கிறவர்களுக்குத்தான் நான் சொல்வது.

பார்க்க ஆசை இருந்தால் மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது மொத்த மின்ட்டும் அடங்கிய ஒரே ஃபைலை இறக்கி, அதற்கென்று இருக்கிற மென்பொருளால் ஒரு காலி பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே பூட் செய்து, அதாவது கணினியைத் தொடங்கிப் பாருங்கள். உள்ளே இருக்கிற விண்டோஸில் கை வைக்காது, 4 ஜிபி ராம் இருந்தால் போதும். வைஃபை வருகிறதா, கேமரா வருகிறதா, உங்கள் பிரிண்டர் வருகிறதா என்று பாருங்கள், பென் டிரைவில் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். பிடித்திருந்தால் இன்ஸ்டால் பட்டனை அழுத்தலாம், அதற்கு முன்னால் போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.