அட்வான்ஸில் நிற்கும் குடும்பம்

பெரியோர்களுக்கும், கேரம் பலகையை மூடிவைத்துவிட்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

விளையாடிச் சம்பாதித்த காசில் நாலு குடும்பத்துக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் வாரிக் டன் செய்ததைப் பார்க்க வேண்டும். அவர் முன்னாள் அமெரிக்க ஃபுட்பால் வீரர். அம்மா பெட்டி ஸ்மதர்ஸ், பேட்டன் ரூஜ் ஊரில் போலீஸ். ஆறு பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்த்தவர். 1993-ல், டியூட்டி போக மிச்ச நேரத்தில் காவல் வேலைக்குப் போன இடத்தில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சொந்த வீடு கனவாகவே போனது. மூத்தவர் டன்னுக்கு அப்போது 18 வயது.

1997-ல் டாம்பா பே அணியில் சேர்ந்த முதல் வருடமே அவர் திட்டத்தைத் தொடங்கிவிட்டார். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் முதல் வீடு வாங்கும்போது முன்பணத்துக்குக் கை கொடுப்பார். வீட்டுக்குள் கட்டிலிலிருந்து சமையல் சாமான் வரை நிரப்பித் தருவார். வீடு இனாம் இல்லை. கடனை அந்தக் குடும்பம்தான் கட்டுகிறது. எனக்குப் பிடித்ததே இதுதான்.

நம் வடசென்னைப் பக்கம் வருவோம். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் மாத வாடகையைத் தவறாமல் கட்டக்கூடிய குடும்பம்கூட அட்வான்ஸில் மாட்டிக்கொண்டு நிற்கும். 2017-ம் வருடத் தமிழக வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. முதலில் அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். நீங்கள் தரும் அட்வான்ஸ் பணத்தை நேராக வீட்டுக்காரர் வங்கிக் கணக்கில் போடுங்கள். குடும்பத்தின் கையில் கொடுத்தால் அன்றைக்கே கடன் வசூலிக்கும் தண்டல்காரர் வாசலில் நிற்பார். குடும்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒப்பந்தம் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். காலி செய்யும்போது அட்வான்ஸ் யாருக்குத் திரும்பும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல்தான் பின்னால் சண்டை வருகிறது.

அரிசி மூட்டை கொடுப்பதை நிறுத்துங்கள். அரிசி கார்டுக்கு ரேஷனில் இலவசமாகவே கிடைக்கிறது. கார்டு இல்லாத வெளியூர்க் குடும்பத்துக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்களுக்கு கேஸ் சிலிண்டருக்குப் பணம், முட்டை, பிள்ளைக்கு ஷூ, நாப்கின் இவைதான் தட்டுப்பாடு.

சாமான் வாங்கும்போது மழையை நினையுங்கள். புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் தரைத்தள வீட்டில் தண்ணீர் ஏறினால் பிளைவுட் கட்டில் உப்பி உடைந்துவிடும். உயரமான கால் வைத்த இரும்புக் கட்டில் துடைத்தால் போதும். பீரோ வாங்கும் முன் குடியிருப்பின் மாடிப்படித் திருப்பத்தை டேப் வைத்து அளங்கள். மூன்றாம் மாடிக்குப் போகாத பீரோ வராண்டாவிலேயே துருப்பிடிக்கும். பழைய அடுப்பைத் தானம் செய்தால் ரப்பர் டியூபை மட்டும் புதிதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வாங்கிப் போடுங்கள். விரிசல் விட்ட டியூபில் கேஸ் கசிந்தால் தானம் வினையாகிவிடும்.

பட்டியலை மட்டும் நீங்கள் போடாதீர்கள். அந்த வீட்டு அக்காவைக் கேளுங்கள். நீங்கள் சோபா என்பீர்கள், அவர் மிக்ஸி என்பார்.

டன் தன் திட்டத்துக்கு வைத்த 'ஹோம்ஸ் ஃபார் தி ஹாலிடேஸ்' என்ற பெயரிலேயே பண்டிகைக் காலம் இருக்கிறது. இங்கே தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். அக்டோபரில் வீடு மாற்றினால் மழையும் பிடித்துக்கொள்ளும், பிள்ளைக்கு நடுவருடத்தில் டி.சி. வாங்கவும் அலைய வேண்டும். மே மாதமே கொடுத்துவிடுங்கள்.