"நான் இன்ட்ரோவெர்ட்மா, என்னால் முடியாது" என்று மகன் சொன்னால்: ஒரு சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். போன பதிவில் மனிதர்களின் சுபாவத்தைப் பற்றிப் பேசியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சேலத்திலிருந்து ஒரு அம்மா எழுதியதை இன்று எடுத்துக்கொள்கிறேன். முழுதாகவே படித்துவிடுகிறேன், ஏனென்றால் இதையே வேறு வேறு விதமாக நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

"மேடம், என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசமாட்டான். சில மாதங்களுக்கு முன் போனில் ஏதோ பர்சனாலிட்டி டெஸ்ட் எழுதினான். ஐ.என்.எஃப்.பி. என்று வந்ததாம், அதாவது இன்ட்ரோவெர்ட்டாம், தனிமையை விரும்புகிற ஆளாம். அன்றிலிருந்து எதற்குக் கூப்பிட்டாலும் 'நான் இன்ட்ரோவெர்ட்மா, என்னால் முடியாது' என்கிறான். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. காலேஜில் பிளேஸ்மென்ட்டுக்காக நடத்தும் குரூப் டிஸ்கஷன் பயிற்சிக்கும் போவதில்லை. என் மகள் நேரெதிர், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம்கூடப் பேச்சுக் கொடுத்துவிடுவாள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் எப்படி இப்படி? இது பிறவிக் குணமா? மாற்ற முடியுமா? இவனுக்கு வேலை கிடைக்குமா?"

அம்மா, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் பையனிடம் கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தன் சுபாவத்தை அவன் சரியாகவே கண்டுபிடித்திருக்கலாம். அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிசகு. "என் சுபாவம் இது" என்பது ஒன்று. "அதனால் இது என்னால் முடியாது" என்பது முற்றிலும் வேறு. இரண்டையும் அவன் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறான்.

முதலில் அந்த டெஸ்ட்டைப் பார்த்துவிடலாம். நான்கு எழுத்துகள் கொடுக்கும் இந்த வகை டெஸ்ட்டுகளுக்கு மூலம் மயர்ஸ்-பிரிக்ஸ் முறை. அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் 1940களில் உருவாக்கியது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகள்தான் அதற்கு அடிப்படை. அம்மா, மகள் இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் நோக்கம் நல்ல நோக்கம்: யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று காட்ட வேண்டும், ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வைக்க வேண்டும். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், அது மனிதர்களை 16 வகைகளாகப் பிரிக்கிறது. நீ இன்ட்ரோவெர்ட், இல்லையென்றால் எக்ஸ்ட்ரோவெர்ட், அதாவது கலகலப்பான ஆள், நடுவில் எதுவும் கிடையாது. உண்மையில் ஆயிரம் பேரை அளந்து பார்த்தால் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருப்பார்கள். ரொம்ப ஒதுங்கியவர்களும் ரொம்பக் கலகலப்பானவர்களும் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் பேர்தான். பரீட்சையில் 34 எடுத்தவன் பெயில், 35 எடுத்தவன் பாஸ் என்கிறோம் இல்லையா? அந்த இரண்டு பிள்ளைகளின் படிப்பிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வித்தியாசமும் இருக்காது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர். இந்த டெஸ்ட்டும் அப்படித்தான் கோடு போடுகிறது. அதனால்தான் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் நிறையப் பேருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. உங்கள் பையனையும் இன்னொரு முறை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

"இல்லை மேடம், அதில் எழுதியிருந்தது எனக்கு அப்படியே பொருந்துகிறது" என்று அவன் சொல்லக்கூடும். அதற்கும் ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் "இதுதான் உன் குணம்" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரியாக 4.26 போட்டார்கள். அப்புறம்தான் விஷயத்தை உடைத்தார்: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளைக் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "சில சமயம் கலகலப்பாக இருப்பீர்கள், சில சமயம் ஒதுங்கி இருப்பீர்கள்" என்று எழுதினால் யாருக்குத்தான் பொருந்தாது?

அப்படியென்றால் சுபாவம் என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது, திடமாகவே இருக்கிறது. இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் அதை வகைகளாகப் பிரிக்காமல் ஐந்து அளவுகோல்களாகப் பார்க்கிறார்கள். புதியதில் ஆர்வம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக் கலக்கம் என்று எளிமையாகச் சொல்லலாம். இந்த ஐந்திலும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாகவோ குறைவாகவோ ஓர் அளவு உண்டு. உங்கள் பையன் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டிருப்பது ஐந்தில் ஒன்றை மட்டும்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இன்ட்ரோவெர்ட்டாக இருப்பது வேறு, கூச்சம் வேறு. கூட்டத்தில் இருந்துவிட்டு வந்தால் சிலருக்கு அலுப்பு, தனியாக உட்கார்ந்தால் தெம்பு. அது சுபாவம். கூச்சம் என்பது பயம். பேச ஆசை இருக்கும், "தப்பாகப் பேசிவிடுவோமோ, சிரித்துவிடுவார்களோ" என்று தொண்டை அடைத்துக்கொள்ளும். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். உங்கள் பையனிடம் இதைக் கவனியுங்கள்: நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேர் வந்தால் நன்றாகப் பேசுகிறானா? கல்யாண வீட்டுக்குப் போகும் முன்பே பதறுகிறானா, அல்லது போய்விட்டு மூன்று மணி நேரம் கழித்துச் சோர்ந்துபோகிறானா? முன்பே பதறினால் அது பெரும்பாலும் கூச்சம். குரூப் டிஸ்கஷனுக்கே போக மறுக்கிறான் என்பதைப் பார்த்தால் உங்கள் பையனிடம் கூச்சமும் கலந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது நல்ல செய்தி அம்மா. கூச்சம் பழகப் பழகக் குறையும்.

சரி, பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், மனிதர்களுக்கிடையே சுபாவத்தில் தெரியும் வித்தியாசங்களில் ஏறக்குறைய பாதி மரபணுக்களோடு தொடர்புடையது என்கின்றன. அதே ஆய்வுகள் சொல்லும் இன்னொரு விஷயம் பெற்றோர்கள் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் வளர்ந்தார்கள் என்பதால் மட்டும் பிள்ளைகளின் சுபாவம் பெரிதாக ஒத்துப்போவதில்லை. ஒரே தாய் தகப்பனிடமிருந்து வந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் வேறு கலவை கிடைக்கிறது. வீட்டிலும் மூத்தவன் பார்த்த அம்மா வேறு, இளையவள் பார்த்த அம்மா வேறு. உங்கள் வளர்ப்பில் குறை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்பவர் நான்கு மாதக் குழந்தைகளை வைத்துப் பல வருடங்கள் ஆராய்ந்தார். கண் முன்னால் வண்ணப் பொம்மைகளை ஆட்டினார்கள், தெரியாத குரல்களைக் கேட்க வைத்தார்கள். ஐந்தில் ஒரு குழந்தை கை கால்களை உதைத்துக்கொண்டு அழுதது. வேறு பல குழந்தைகள் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. பெரிய சத்தம் போட்ட குழந்தைதான் பின்னாளில் கலகலப்பாக வரும் என்று நாம் நினைப்போம். நடந்தது தலைகீழ். உதைத்து அழுத குழந்தைகள்தான் வளர்ந்தபோது புது ஆட்களிடம் தயங்கினார்கள். புதிய எதையும் அவர்கள் உடம்பு கொஞ்சம் கூடுதலாகவே உணர்கிறது. ஆனால் அவர்கள் எல்லாரும் ஒடுங்கிப்போய்விடவில்லை, பலர் சாதாரணமாகவே வளர்ந்தார்கள். அவர்கள் ஊர் முழுக்கச் சிநேகம் பிடிக்கும் ஆளாக மாறுவதுதான் அபூர்வம். அதாவது, சுபாவம் ஒரு எல்லையைப் போடுகிறது. அந்த எல்லைக்குள் நிறையவே இடம் இருக்கிறது.

எவ்வளவு இடம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிரையன் லிட்டில். கனடாவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர், ஹார்வர்டில் மாணவர்கள் கொண்டாடிய ஆசிரியர். மேடையேறினால் சிரிக்க வைப்பார், அசத்திவிடுவார். ஆனால் மனிதர் அசல் இன்ட்ரோவெர்ட். கியூபெக் மாநிலத்தில் ரிஷலியூ ஆற்றங்கரையில் உள்ள ராணுவக் கல்லூரிக்கு அவர் உரையாற்றப் போவார். காலையில் பேசி முடித்ததும் மதியச் சாப்பாட்டுக்குத் தங்களோடு வரும்படி அதிகாரிகள் கூப்பிடுவார்கள். மத்தியானமும் பேச வேண்டும், நடுவிலும் அரட்டை என்றால் தாங்காது என்று அவருக்குத் தெரியும். "எனக்குப் படகுகள் என்றால் உயிர், ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருகிறேன்" என்று நழுவிவிடுவார். பிறகு நிகழ்ச்சியை ஆறே இல்லாத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆண்கள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கதவுக்கடியில் கால் தெரிந்து யாராவது பேச்சுக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று காலைக்கூடத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

இதிலிருந்து அவர் சொன்ன கருத்து உங்கள் பையனுக்கு அப்படியே உதவும். நமக்கு உயிரான ஒரு காரியத்துக்காக, நாம் நேசிக்கும் மனிதர்களுக்காக, நம் சுபாவத்தைத் தாண்டி நடக்க நம்மால் முடியும். அது நடிப்பு இல்லை. ஆனால் அதற்கு உடம்பும் மனமும் விலை கேட்கும். அந்த விலையைக் கொடுக்க ஓய்வுக்கு ஓர் இடமும் நேரமும் வேண்டும். பையன் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். வந்தவன் நடுவில் அரை மணி நேரம் மாடியில் போய்த் தனியாக நின்றுவிட்டு வந்தால், "அங்கே என்னடா பண்ணுகிறாய், எல்லாரும் கேட்கிறார்கள்" என்று ஆள் அனுப்பாமல் இருக்க வேண்டியது உங்கள் பங்கு.

நாம் எல்லாருமே இடத்துக்கு இடம் மாறுகிறவர்கள்தான். வில்லியம் ஃபிளீசன் என்பவர் சில வாரங்களுக்கு, ஒரு நாளைக்குப் பல முறை, "இந்த நேரத்தில் நீ எப்படி நடந்துகொண்டிருக்கிறாய்" என்று ஆட்களைக் குறித்துவைக்கச் சொன்னார். ஒரே ஆளுக்குள்ளேயே காலைக்கும் மாலைக்கும் அவ்வளவு ஏற்ற இறக்கம். இன்ட்ரோவெர்ட்டும் தினமும் சில நேரம் எக்ஸ்ட்ரோவெர்ட் மாதிரியே நடந்துகொள்கிறார். சராசரி மட்டும்தான் ஆளுக்கு ஆள் நிலையாக வேறுபடுகிறது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் இப்படிப்பட்ட பிள்ளையை வெறுமனே சபையில் உட்கார வைக்காதீர்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள். பந்தியில் தண்ணீர் பாட்டில் வைக்கட்டும், வாசலில் தாம்பூலப் பை கொடுக்கட்டும். வேலை கையில் இருந்தால் பேச்சு இரண்டு வார்த்தையில் முடியும், அது அவனுக்குச் சுலபம். "வாயில் என்ன கொழுக்கட்டையா" என்று கேட்கிற மாமாவிடம் நீங்கள் முந்திக்கொண்டு "இவன் இப்படித்தான், பேசவே மாட்டான்" என்று சொல்லாதீர்கள். அவன் காதுபட நூறு முறை சொன்னால் அந்த டெஸ்ட்டைவிட அது ஆழமாகப் பதியும். பெண்ணை "வாயாடி" என்பதும் அப்படித்தான், அதையும் விட்டுவிடுங்கள்.

குரூப் டிஸ்கஷனுக்கு உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள்: எல்லாரையும்விட அதிகமாகப் பேச வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் மூன்று முறை பேசினால் போதும். முதல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறை வாயைத் திறந்துவிட வேண்டும், நேரம் போகப் போகத் தயக்கம் கூடும். அதற்கு அன்றைய செய்தித்தாளிலிருந்து ஒரு விவரத்தைத் தயாராக வைத்துக்கொள்ளட்டும். நடுவில் ஒரு முறை, "இவர் செலவைப் பற்றிச் சொன்னார், அவர் பாதுகாப்பைப் பற்றிச் சொன்னார், இரண்டும் இந்த இடத்தில் மோதுகின்றன" என்று மற்றவர்கள் சொன்னதைக் கோத்துச் சொல்லலாம். அமைதியாகக் கவனிக்கிறவனுக்குத்தான் இது கைவரும். முதலில் அறையில் இரண்டு நண்பர்களோடு, அப்புறம் நான்கு பேரோடு, அப்புறம் காலேஜ் பயிற்சிக்கு. ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சின்ன வயதிலிருந்தே அமைதி என்றால் அது பெரும்பாலும் சுபாவம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கினால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், நெருங்கிய நண்பர்களையும் தவிர்த்தால், அதை இன்ட்ரோவெர்ட் கணக்கில் எழுதாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வி பாக்கி. 1991இல் பேரிக், மவுண்ட் என்ற இருவர் அதுவரை நடந்த நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விற்பனை, நிர்வாகம் போன்ற ஆட்களோடு பழகும் வேலைகளில் கலகலப்பு உதவியது. எல்லா வகை வேலைகளிலும் உதவிய குணம் பொறுப்புணர்வு, அதாவது சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பது. விற்பனையில்கூட, ஆடம் கிராண்ட் 2013இல் வெளியிட்ட ஆய்வில் அதிகம் விற்றவர்கள் கலகலப்பில் இரண்டு ஓரத்திலும் இல்லாமல் நடுவில் இருந்தவர்கள்தான்.

அம்மா, உங்கள் கடிதத்தில் பையன் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ப்ராஜெக்டை நேரத்துக்கு முடிக்கிறானா, அரியர் வைத்திருக்கிறானா, ஒரு வேலையை எடுத்தால் கடைசி வரை போகிறானா என்று எதுவும் எழுதவில்லை. வேலை விஷயத்தில் எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். அவனையே எழுதச் சொல்லுங்கள். பேசத்தானே தயக்கம், எழுதலாம் அல்லவா? அதைப் படித்துவிட்டு அவனுக்கே பதில் சொல்கிறேன். அடுத்த கேள்வி ஈரோட்டிலிருந்து வந்திருக்கிறது.