'நீ சும்மாதானே இருக்கிறாய்?'

வணக்கம் நேயர்களே. வேலை தேடுகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகவும் பல வருடங்களாக உதவி வருகிறேன். வருகிறவர்களிடம் நான் முதலில் படிப்பையோ அனுபவத்தையோ கேட்பதில்லை. போன வாரம் எப்படிப் போனது, திங்கள் முதல் ஞாயிறு வரை சொல்லுங்கள் என்பேன். பாதிப் பேர் செவ்வாய்க்கிழமையிலேயே தடுமாறிவிடுவார்கள். ஓயாமல் எதையோ செய்திருப்பார்கள், என்ன செய்தோம் என்று மட்டும் சொல்ல வராது.

திங்கட்கிழமை காலையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் மற்றவர்கள் அவசர அவசரமாகக் கிளம்புகிறார்கள். கடைசியாகப் போகிறவர் வாசலில் நின்று, "நீ சும்மாதானே இருக்கிறாய், மின் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடேன்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். நீங்களும் சரி என்கிறீர்கள். அப்புறம் வங்கியில் ஒரு கையெழுத்து, தபாலில் ஒரு உறை, மருந்துக் கடை, ஜெராக்ஸ் கடை. வீடு திரும்பும்போது மணி ஒன்று. உடம்பு அலுத்திருக்கிறது. சாயங்காலம் கணினி முன்னால் உட்கார்ந்து, நேற்று அனுப்பிய அதே விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி நாலு இடத்துக்கு அனுப்புகிறீர்கள். ராத்திரி கைபேசியைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறீர்கள். அதை வேலை தேடுவது என்றும் சொல்ல முடியாது, ஓய்வு என்றும் சொல்ல முடியாது.

இந்தச் 'சும்மா' என்ற சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் எட்டு மாதம் வேலை இல்லை. அப்போது ஒருநாள் மத்தியானம் ஒரு நாவலில் மூழ்கியிருந்தேன். வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. சட்டென்று புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். படிக்காதே என்று வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சம்பாதிக்காதவனுக்குப் பொழுதுபோக்க என்ன உரிமை என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அதன்பின் பல மாதம் நான் புத்தகத்தையே தொடவில்லை. அந்த நேரத்தில் கூடுதலாக வேலை தேடினேனா என்றால், அதுவும் இல்லை.

எனக்கு நேர்ந்தது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஓர் ஊர். ஒரே ஒரு துணி ஆலை. ஊரே அதை நம்பித்தான் இருந்தது. பெரும் பொருளாதாரச் சரிவு வந்து ஆலையை மூடிவிட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அடங்கிய ஓர் ஆய்வுக் குழு அங்கே போனது. வேலை போனால் நேரம் மிஞ்சும். மிஞ்சிய நேரத்தில் ஜனங்கள் நிறையப் படிப்பார்கள், கூடிப் பேசுவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? நேர்மாறாக நடந்தது. ஊர் நூலகம் இரவல் கட்டணத்தையே நீக்கிவிட்டது. அப்படியும் இரவல் போகும் புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. நேரம் கூடியது, படிப்பு குறைந்தது. தலையணைக்கு அடியில் போன என் புத்தகம் ஞாபகம் வருகிறதா?

இன்னொன்றும் செய்தார்கள். ஆட்கள் தெருவில் எப்படி நடக்கிறார்கள் என்று கையில் கடிகாரத்தோடு மறைந்திருந்து கவனித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்கள் அவ்வளவு நிற்கவில்லை, நடையும் வேகமாக இருந்தது. அவர்களுக்கு வீட்டு வேலை இருந்தது. பிள்ளைகள், துவைப்பது, தைப்பது என்று நாளுக்கு ஒரு வரிசை இருந்தது. ஆண்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, மணிவாரியாக என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். எழுந்தது, சாப்பிட்டது, தூங்கியது இவற்றைத் தவிர எழுத அதிகம் வரவில்லை. நான் கேட்கும் 'போன வாரம் எப்படிப் போனது' என்ற கேள்வியும் அதேதான். சம்பளத்தோடு சேர்த்து, வேலை நமக்கு நாளின் வடிவத்தையும் கொடுக்கிறது என்பதை யஹோதா பின்னாளில் விரிவாக எழுதினார். வேலை போகும்போது அந்த வடிவமும் போய்விடுகிறது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் உள்ளவர்கள் நினைப்பது பல நேரம் இதைத்தான்.

ஆகவே வடிவத்தை நாமே போட வேண்டும். தினமும் காலையில் இரண்டரை மணி நேரம் வேலை தேடுவதற்கு என்று ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் வேறு எதுவும் வேண்டாம். வெளி வேலைகளைச் சேர்த்து வைத்து வாரத்தில் இரண்டு மத்தியானம் முடியுங்கள்.

அந்த வெளி வேலைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. வரிசையில் நிற்கிறீர்கள், பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர் முன்னால் நிற்கிறார். நலமா என்று கேட்கிறார். பலர் அங்கேதான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பாதீர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் புறநகர் ஒன்றில், தெரிந்தவர் மூலமாகப் புது வேலைக்குப் போனவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று விசாரித்திருந்தார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிற நெருக்கமானவர் என்று சொன்னவர்கள் நூற்றில் சுமார் 17 பேர்தான். மற்ற எல்லோருக்கும் வழி காட்டியவர் எப்போதாவது பார்க்கிறவர், அல்லது வருடத்துக்கு ஒரு முறை பார்த்தாலே அதிகம் என்கிற மாதிரியானவர். யோசித்தால் புரியும்: நமக்கு நெருக்கமானவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கக்காரர்தான் வேறு உலகத்துச் செய்தி கொண்டுவருகிறார். எனக்கு எட்டாவது மாதம் வேலை கிடைத்ததும் அப்படித்தான். பார்சல் அனுப்பப் போன இடத்தில், மூன்று வருடமாகப் பார்க்காத ஒருவரிடம் பேசிய பத்து நிமிடம் அது. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் வாய் திறந்து சொன்னது அன்றைக்குத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். ஓய்வைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1994இல் வெளியான ஓர் ஆய்வில், வேலை இழந்த பொறியாளர்கள் சிலரை ஐந்து நாள் தொடர்ந்து, நாளுக்கு 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அந்த ஆய்வில் இருந்தார். அப்படி எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் அனுப்பியதாலும் அல்ல. முயன்று பாருங்கள், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

அப்புறம் புதன்கிழமை மத்தியானத்தை உங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு, புத்தகம், பந்து விளையாட்டு, நண்பர் வீடு, எதுவானாலும் சரி. வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். வேலை தேடும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக் காலை கிளம்பும்போது, "உனக்கு எத்தனை மணிக்கு நேரம் இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அந்த மின் கட்டண ரசீதைக் கொடுங்கள். வணக்கம்.