பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட நண்பரே, அனைவருக்கும் வணக்கம்.

அரசியலை ஆட்டக் கோட்பாட்டால், அதாவது ஒருவருக்குக் கிடைப்பது மற்றவர் முடிவையும் பொறுத்திருக்கும் நிலைகளை ஆராயும் கணக்கால், அளப்பது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கூட்டுச் செயல், வாக்கெடுப்பு, கூட்டணி.

முதலாவதை நம் பழமொழியே சொல்லிவிட்டது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. பலன் எல்லோருக்கும் பொது என்றால் உழைக்க ஆளாளுக்குத் தயங்குவார்கள், கூட்டம் பெருகப் பெருகத் தயக்கமும் பெருகும் என்று பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965-இல் ஒரு நூலே எழுதினார். நாம் நாலே சொல்லில் முடித்துவிட்டோம்!

இரண்டாவதுக்கு என் கதை. இளமையில் ஒரு வாசகர் குழுவில் நாங்கள் மூவர். கையில் கொஞ்சம் பணம் இருந்தது. புத்தகமா, நாற்காலியா, விளக்கா? எனக்குப் புத்தகம், பிறகு நாற்காலி, கடைசியில் விளக்கு. இன்னொருவருக்கு நாற்காலி, விளக்கு, புத்தகம். செயலாளருக்கு விளக்கு, புத்தகம், நாற்காலி. செயலாளர் சிரித்தபடி, "முதலில் புத்தகமா நாற்காலியா என்று பார்த்துவிடுவோமே" என்றார். அவர் கையும் என் பக்கம் உயர்ந்தது. புத்தகம் வென்றது. நான் மனத்துக்குள் அலமாரியே அடுக்கிவிட்டேன். "சரி, இனி புத்தகமா விளக்கா?" இருவர் விளக்குக்குக் கை தூக்கினார்கள். தீர்ந்தது!

நாற்காலியையும் விளக்கையும் முதலில் மோதவிட்டிருந்தால் நாற்காலி வென்று, பிறகு என் புத்தகத்திடம் தோற்றிருக்கும். அதுகூட வேண்டாம், முதல் சுற்றிலேயே என் புத்தகத்தைக் கைவிட்டு நாற்காலிக்குக் கை தூக்கியிருந்தால், உட்காரவாவது இடம் கிடைத்திருக்கும். அந்த உத்தி அன்று எனக்குத் தெரியாது. பந்திக்கு முந்தியது புத்தகம். பிந்தி வந்த விளக்கு சாப்பிட்டுவிட்டுப் போனது.

புத்தகம் நாற்காலியை வெல்ல, நாற்காலி விளக்கை வெல்ல, விளக்கு புத்தகத்தை வெல்ல, பெரும்பான்மை இப்படி வட்டமடிப்பதைப் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ 1785-லேயே கண்டார். பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951-இல் இதை ஒரு தேற்றமாகவே விரித்தார். அதற்குள் இப்போது நுழைந்தால் தலைவர் மணியடித்துவிடுவார். என்னைக் கலங்கவைத்தது 1976-இல் அரசியல் அறிஞர் ரிச்சர்ட் மெக்கெல்வி காட்டியது. பிரச்சினை ஒரே அளவுகோலில் அடங்காமல் பல பரிமாணங்களில் விரிந்து, உறுப்பினர்கள் சூதில்லாமல் மனத்தில் உள்ளபடியே வாக்களித்தால், நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்திருப்பவர் அவையை ஏறக்குறைய எந்த முடிவுக்கும் ஓட்டிப் போகலாமாம். எங்கள் செயலாளர் இதைப் படித்தவரல்லர். பிறவி மேதை.

ஆகவேதான் பத்து மேடைகளில் கேட்டதை இங்கும் கேட்கிறேன். எந்த அவையானாலும் வாக்கெடுப்பின் வரிசையைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். வட்டம் வட்டமாகவே இருக்கும்; ஆனால் லாபம் எப்போதும் ஒருவர் பையிலேயே விழாது.

கூட்டணி பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். வாசலில், வாக்கெடுப்பு வரிசையைக் குலுக்கி எடுக்கச் சொல்லும் கோரிக்கைத் தாள் இருக்கிறது. பக்கத்திலிருப்பவர் கையெழுத்துப் போடட்டும் என்று படைக்குப் பிந்தாதீர்கள். பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.