போய்வந்தவர் சொல்லக் கேட்டது

வணக்கம். மட்டக்களப்பு பசாரில் ஒரு ஒழுங்கைக்குள் றேடியோ, கசெற் பெட்டி, அம்பிளிஃபயர் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். 30 வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்த வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது பழைய வானொலிப் பெட்டிகளைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். உங்களுக்குப் பிரியமானதைப் பேசுங்கள் என்றார்கள். அப்படியென்றால் எனக்கு ஒன்றுதான் இருக்கிறது.

அயர்ன் மெய்டன். லண்டனில் 1975 இல் ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பேஸ் கிட்டார் கலைஞர் தொடங்கிய ரொக் இசைக்குழு. 50 வருடம் கழிந்தும் நாடு நாடாகப் போய் மேடையேறுகிறார்கள். சத்தம் கூடின இசை. உங்களில் பலருக்கு அது பிடிக்காமல் இருக்கலாம், பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. நான் பேச வந்தது வேறு. அந்தக் குழு ஊர் ஊராகப் போகும்போது, போக வழியில்லாத நாங்கள் எப்படிக் கூடவே போகிறோம் என்பது. நான் அவர்களை நேரில் கண்டதில்லை. ஒரு தடவைகூட இல்லை. ஆனால் 40 வருடமாக அவர்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பழக்கம் என்னோடு தொடங்கினதும் அல்ல. என்னுடைய அப்பா கூத்துப் பைத்தியம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எந்த ஊரில் கூத்தாடக் களரி கட்டினாலும் தோணியில் வாவியைக் கடந்து போய்விடுவார். விடிய விடிய ஆட்டம். வெயில் ஏறின பிறகுதான் வீட்டுக்கு வருவார். அப்பம்மாவுக்கு முழங்கால் ஏலாது, எங்கும் போக மாட்டா. வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருப்பா. அப்பா முகம் கழுவுவதற்கு முன்னமே கேள்வி தொடங்கிவிடும். "ஆர் மனே கட்டியகாரன்? மறுகா ஆர் வந்த?" அப்பா வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். தருமர் வரவு, வீமன் வரவு, எந்த இடத்தில் மத்தளம் கூடினது, எந்தப் பாட்டுக்குப் பிற்பாட்டுக்காரர் தொண்டை விட்டது, எல்லாம்.

ஒரு நாள் அப்பா ஒரு வரவை விட்டுவிட்டார். அப்பம்மா உடனே பிடித்துவிட்டா. "நில்லு மனே, வீமன் வராம திரௌபதை எப்படி வந்தவ?" அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "அந்த நேரம் கண்ணயந்திட்டன் அம்மா" என்றார். அதற்கு அப்பம்மா சொன்னது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. "அப்ப அதச் சொல்லு. கண்டதக் கண்டன் எண்டு சொல்லு, காணாததக் காணல்ல எண்டு சொல்லு. நான் இங்கயிருந்து கூத்துப் பாக்கிறன் மனே."

நான் இங்கயிருந்து கூத்துப் பாக்கிறன். நேயர்களே, இந்த வசனத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். திரும்ப வருவேன்.

1986 இல் கல்லடியில், டச் பார் என்ற கடற்கரை ஊரில் ஒரு பறங்கி அங்கிள் இருந்தார். தச்சுவேலைக்காரர், பைலாவுக்கு வயலின் வாசிப்பார். அவருடைய தம்பி கப்பலில் வேலை. அந்தத் தம்பி அனுப்பின கசெற் ஒன்றை எனக்குக் கேட்கத் தந்தார். மேடையில் நேரடியாக ஒலிப்பதிவு செய்தது. 1984 ஓகஸ்டில் போலந்தில் தொடங்கி 1985 யூலையில் அமெரிக்காவில் முடிந்த நீண்ட பயணத்தில் எடுத்தது. பெரும்பகுதி கலிபோர்னியாவில் லோங் பீச் என்ற ஊரில். பாடகர் புரூஸ் டிக்கின்சன் பாட்டுக்கு நடுவில் அந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கத்துவார், ஆயிரக்கணக்கான சனம் திருப்பிக் கத்தும். பாடசாலை அட்லஸில் லோங் பீச்சைத் தேடிக் கண்டுபிடித்தேன். அன்றைக்கே ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் எழுதினேன்: லோங் பீச், அதற்குக் கீழே பாட்டுகள் வந்த வரிசை.

அந்தக் கொப்பி இப்போதும் இருக்கிறது. கசெற் இல்லை. 1990 க்குப் பிறகு யுத்தத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் அருமை. எந்த ஊரில் பாடுகிறார்கள் என்ற செய்தி ஆறு மாதம் கழித்து யாராவது கொழும்பிலிருந்து கொண்டுவருகிற பழைய சஞ்சிகையில்தான் வரும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் டச் பாரைக் கொண்டுபோனது. அங்கிளின் வீடும் வயலினும் கசெற்றுகளும் அதோடு போயின. அங்கிளும்தான். கொப்பி என்னிடம் டவுனில் இருந்தபடியால் தப்பியது.

அந்தக் கொப்பியில் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது. 2007 மார்ச் 17, பெங்களூர். அவர்கள் முதன்முதலில் இந்தியாவில் மேடையேறிய நாள். இங்கிருந்து வான்வழியாகப் பார்த்தால் 750 கிலோமீற்றர்கூட இல்லை. என் வாழ்நாளில் அவர்கள் எனக்கு அவ்வளவு கிட்ட வந்தது அதுவரை இல்லை. அந்த மார்ச் மாதம் படுவான்கரைச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் கிடந்தது. நான் முகாம் முகாமாகப் போய்ச் செய்தி கேட்பதற்கு றேடியோ திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெங்களூர்ச் செய்தி எனக்குத் தெரிய வரும்போது மாதங்கள் கடந்துவிட்டன. பாட்டு வரிசையைப் பிறகு தேடி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. "அன்று எனக்குத் தெரியாது" என்று மட்டும் எழுதினேன். காணாததைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும் அல்லவா.

இணையம் கைக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2016 இல் அவர்கள் ஒரு ஜம்போ விமானத்தில், போயிங் 747 இல், மேடைச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றினார்கள். அதை ஓட்டியவர் பாடகர் டிக்கின்சனேதான், அவர் உரிமம் பெற்ற விமானி. விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டுகிற வரைபடத்தை மகன் ஃபோனில் எடுத்துத் தந்தான். கடையில் ஒரு பக்கம் ஈயம் உருகிக்கொண்டிருக்கும், மறுபக்கம் ஒரு சின்ன மஞ்சள் விமானம் தென்னமெரிக்காவுக்கு மேலே ஊர்ந்துகொண்டிருக்கும். மார்ச் 12 அன்று சிலி நாட்டின் சந்தியாகோவில் அது அசையவே இல்லை. பிறகுதான் தெரிந்தது: விமானத்தை இழுத்துக்கொண்டு போனபோது திருப்பும் கட்டுப்பாடு போய், இழுவை வண்டியில் மோதி, இரண்டு எஞ்சின்கள் சேதம். வேலையாட்கள் இருவர் காயம். அடுத்த நாள் ஆர்ஜென்டினாவில், கோர்டோபாவில், நிகழ்ச்சி. மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாமான்களை வேறு வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்து, சொன்ன நாளில் மேடையேறினார்கள். கடைக்கு வந்த ஒரு ஐயா தன் றேடியோவைப் பற்றிக் கேட்க, நான் கோர்டோபா நடக்குதாம் ஐயா என்று சொன்னேன். அவரும், நல்லம் தம்பி என்றார்.

இப்போது எங்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. 11 பேர். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, டொரொன்டோவில் ஒருவர், ஜேர்மனியில் களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர். அவர்களில் பாதிப் பேரை நான் முகம் கண்டதில்லை.

ஒரு நிகழ்ச்சி இரவு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். குழு மேடையேறுவதற்குச் சற்று முன்னால், யூஎஃப்ஓ என்ற வேறொரு பழைய குழுவின் பாட்டு ஒன்றை ஒலிபெருக்கியில் போடுவார்கள். வருடக்கணக்காக அதே பாட்டுத்தான். கூத்தில் திரைக்குப் பின்னால் மத்தளம் தட்டினவுடன் சனம் நிமிர்ந்து உட்காருமே, அதேதான் இது. அந்தப் பாட்டு ஒலிக்கிறது என்று ஒரு வரி வந்தால் 11 பேரும் எழும்பி உட்கார்ந்துவிடுவோம். அதிலும் ஒரு பயணத்தின் முதல் இரவுக்குத்தான் மதிப்புக் கூட. இந்தக் குழு ஒரு பயணம் முழுவதற்கும் அநேகமாக ஒரே வரிசையைத்தான் வைத்திருக்கும். அதனால் முதல் இரவில் முதல் ஆளாகக் கேட்பவர், இனி வரப்போகிற எல்லா ஊருக்கும் சேர்த்துக் கேட்கிறார். அதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பாத ரசிகர்களும் இருக்கிறார்கள். நேரில் போகப் போகிறவர்கள் அவர்கள். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

2025 மே 27, ஹங்கேரியின் புடாபெஸ்ட். 50 ஆவது ஆண்டுப் பயணத்தின் முதல் இரவு. அதற்கு முதல் டிசம்பரில், சாவோ பாவுலோ நிகழ்ச்சியோடு பயணங்களிலிருந்து ஒதுங்குவதாக டிரம் வாசிக்கும் நிக்கோ மக்பிரெய்ன் அறிவித்திருந்தார். 1982 இலிருந்து இருந்த மனிதர், ஒரு சிறு பக்கவாதத்துக்குப் பிறகும் வாசித்தவர். இப்போது அவருடைய இடத்தில் சைமன் டோசன். எப்படி வாசிப்பார் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், கண்ணால் பாருங்கள் என்று குழுவின் முகாமையாளர் ரொட் ஸ்மோல்வுட் அந்தப் பயணத்துக்கு முன் ரசிகர்களிடம் கேட்டிருந்தார். எங்கள் குழுவில் இதைப் பற்றி இரண்டு நாள் வாக்குவாதம். ஃபோன் இல்லாவிட்டால் எங்களைப் போல் தூரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆனால் நான் முகாமையாளர் பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். தலைக்கு மேலே நீட்டிப் பிடித்த ஃபோனில் எடுத்த ஆடுகிற படமும் கிழிந்த சத்தமும் எனக்கு வேண்டாம். ஒலிபெருக்கி திருத்துகிறவன் சொல்கிறேன், அது அந்த இசையே அல்ல. எனக்கு வேண்டியது அங்கே நின்று முழுதாகக் கேட்ட ஒருவர் சொல்லும் ஒரு வரி. ஜேர்மனித் தம்பி புடாபெஸ்டுக்கு டிக்கெற் எடுத்திருந்தார். அவர் எழுதினார்: "அண்ணன், பாட்டு நடக்கக்குள்ள ஃபோன எடுக்கமாட்டன். முடிஞ்சோடன ஒரு வரி அனுப்புறன்."

எங்களுக்கு நள்ளிரவு தாண்டி. கச்சான் காற்று தென்னைகளை அடித்துக்கொண்டிருக்கிறது. முதல் வரி வந்தது. 1981 ஆம் ஆண்டு இசைத்தட்டுப் பாட்டு, பல வருடமாக மேடைக்கு வராதது. அடுத்ததும் 1981. அதற்கடுத்ததும் 1981. "புது ஆள் நல்லா வாசிக்கிறார்" என்று ஒரு வரி. கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன். எட்டுப் பாட்டு ஆனது.

பிறகு ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம். ஆறு. டொரொன்டோக்காரர், சிக்னல் போச்சுப்போல என்று எழுதினார். அக்கரைப்பற்றுத் தம்பி, பற்றரி முடிஞ்சிருக்கும் என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நிமிடம். ஒன்பது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1984 இல் வந்த ஒரு பாட்டு இருக்கிறது, 13 நிமிடத்துக்கு மேல் ஓடும். கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞரின் நீண்ட கவிதையை வைத்து ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியது. கடற்பறவை ஒன்றைக் கொன்ற மாலுமியின் கதை. காற்று நின்று கப்பல் நடுக்கடலில் அசையாமல் கிடக்கும். பாட்டும் அந்த இடத்தில் அடங்கிப்போய், கப்பல் பலகை கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கும். டச் பார் அங்கிளின் கசெற்றில் இருந்த பாட்டு அது. 2009 க்குப் பிறகு அந்த இரவு வரை அவர்கள் அதை மேடையில் வாசிக்கவில்லை.

"பொறுங்கள். பாட்டு நடக்குது" என்று எழுதினேன்.

பிறகு ஒருவரும் எழுதவில்லை. இருட்டில் உட்கார்ந்து மனதுக்குள் அதைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டேன். இப்போது காற்று நின்றிருக்கும். இப்போது தண்ணீர் இல்லாமல் நா வறளும். இப்போது பலகைச் சத்தம். இப்போது டிரம் திரும்ப ஏறும். பதின்மூன்றாவது நிமிடம் கடந்து ஃபோன் மினுங்கியது. "ஓம் அண்ணன். அதுதான். அழுறன்."

ஒரு சத்தமும் என் காதுக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டை அன்று நான் கேட்டேன். றேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். வர்ணனையாளர் ஒரு கணம் பேச்சை நிறுத்தினால், பந்து எல்லைக்கோட்டுக்கு மேலே பறக்கிறது என்று எங்களுக்குத் தெரியுமே. அப்பம்மா சொன்னது அதுதான். நான் இங்கயிருந்து கூத்துப் பாக்கிறன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். முக்கியமான ஒன்றைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு, 1965 இலிருந்து 1995 வரை. ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே 1984 இல் அரங்கில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். எந்த இரவில் எந்த ஊரில் எந்தப் பாட்டு என்று ரசிகர்களே எழுதி வைத்தார்கள். 1977 இல் ஒரு இரவு என்ன பாடினார்கள் என்று இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். 1977 இல் வாவிக்கு அந்தப் பக்கம் எத்தனை களரியில் கூத்து நடந்தது, என்ன கூத்து, அதைப் பழக்கின அண்ணாவியார் யார்? அப்பா போய் எனக்கு எத்தனையோ வருடம். அவர் திண்ணையில் சொன்னதை நான் ஒரு வரியும் எழுதவில்லை. லோங் பீச்சை எழுதினேன்.

ஆகவே, இப்போது கூத்துப் பழகுகிற ஊர்களில் இருக்கும் பிள்ளைகள், களரிக்குப் போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். படம் எடுக்க வேண்டாம். நாள், ஊர், கூத்தின் பெயர், வடமோடியா தென்மோடியா, அண்ணாவியார் பெயர். பிறகு வரவுகள் வந்த வரிசை. கண்ணயர்ந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, எழும்பின நேரத்தை எழுதுங்கள். எழுதினதை பசாரில் என் கடைக்குக் கொண்டுவந்தால் நான் இன்னொரு கொப்பியில் பிரதி பண்ணி... சரி, ஒரு விரல் காட்டுகிறார். வணக்கம்.