சந்தேகங்களுக்கு விளக்கம்: ஒரே லேப்டாப்பில் ஐந்து சர்வர்

அடுத்த கேள்வி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கிறது. நீளமான கேள்வி, சுருக்கி வாசிக்கிறேன். “அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. லாரி புக்கிங் செய்கிற வெப்சைட். முன்பக்கம் ரியாக்ட், அதற்கு டேட்டா கொடுக்கிற ஏபிஐ நோடில், எஸ்எம்எஸ் அனுப்பப் பைத்தானில் ஒரு வொர்க்கர், அப்புறம் டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ், தற்காலிகத் தகவலுக்கு ரெடிஸ். சர்வரில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. என் லேப்டாப்பில் டாக்கர் கம்போஸில் ஏற்றினால், ஏபிஐ மட்டும் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு 127.0.0.1:5432’ என்று சொல்லி விழுந்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விண்டோஸ், 8 ஜிபி ராம். என்ன செய்ய?”

தம்பி, நீங்கள் அனுப்பிய அந்த எர்ரரிலேயே பதில் இருக்கிறது. 127.0.0.1 என்று வருகிறதே, அதைப் பாருங்கள். அதுதான் லோக்கல்ஹோஸ்ட். “நம்ம வீடு” என்று சொல்கிறோமே, அந்த மாதிரி ஒரு சொல் அது. நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் நாலு பேரை நிறுத்தி, “நம்ம வீட்டு அடுக்களையில் போய் ஒரு செம்பு தண்ணீர் எடுத்து வாங்க” என்றால், நாலு பேரும் அவரவர் வீட்டுக்குள்தான் போவார்கள். டாக்கர் ஒவ்வொரு புரோகிராமையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டுகிறது, ஒவ்வொரு கன்டெய்னரும் ஒரு தனி வீடு. ஏபிஐ கன்டெய்னருக்குள் இருந்துகொண்டு லோக்கல்ஹோஸ்டில் 5432 என்ற போர்ட்டை, அதாவது போஸ்ட்கிரெஸின் கதவு எண்ணைத் தட்டினால், உங்கள் புரோகிராம் தன் வீட்டுக் கதவையே தட்டுகிறது. அங்கே போஸ்ட்கிரெஸ் இல்லை, அது பக்கத்து வீட்டில் இருக்கிறது. பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் வேறு செய்தி வந்திருக்கும். ரெஃப்யூஸ்டு என்றால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஆளே இல்லை.

அப்படியானால் பக்கத்து வீட்டை எப்படிக் கூப்பிடுவது? பேரைச் சொல்லித்தான். எந்தெந்தக் கன்டெய்னரை ஏற்றவேண்டும் என்று பட்டியல் போடுகிற கம்போஸ் ஃபைலில் சர்வீஸ் என்று எழுதி, அதன் கீழே “டிபி” என்று ஒரு பேர் வைத்திருப்பீர்கள். அந்தப் பேரே முகவரி. கம்போஸ் எல்லாக் கன்டெய்னரையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டு, பேரைக் கேட்டால் ஐபி சொல்கிற வேலையையும் செய்துவிடுகிறது. கனெக்‌ஷன் வரியில் லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துவிட்டு டிபி என்று போடுங்கள். உங்கள் கேள்விக்கு நேர் பதில் இவ்வளவுதான்.

ஆனால் இதோடு விட்டால் நாளைக்கே இன்னொரு கேள்வி அனுப்புவீர்கள். போர்ட்டில் சிக்குவீர்கள். உங்கள் விண்டோஸில் ஏற்கெனவே ஒரு போஸ்ட்கிரெஸ் இன்ஸ்டால் ஆகியிருந்தால் 5432-ஐ அது பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் யாரோ கம்போஸில் 5433:5432 என்று எழுதிக் கொடுப்பார்கள். இடது பக்கம் இருப்பது லேப்டாப்பிலிருந்து உள்ளே நுழைகிற வாசல், வலது பக்கம் கன்டெய்னரின் சொந்தக் கதவு. வெளியிலிருந்து பார்க்கிற டேட்டாபேஸ் டூலுக்கு 5433 கொடுக்கவேண்டும். பக்கத்துக் கன்டெய்னரிலிருந்து வருகிற ஏபிஐக்கு அதே 5432தான். இந்த இரண்டு நம்பரையும் மாற்றிப் போட்டு அரை நாளைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

ரியாக்டில் இதற்கு நேர் எதிராக இருக்கும். அந்தக் கோடு கன்டெய்னரிலிருந்து வந்தாலும், ஓடுவது உங்கள் பிரவுசரில். பிரவுசருக்கு “ஏபிஐ” என்ற பேர் தெரியாது, அது டாக்கர் நெட்வொர்க்குக்கு வெளியே நிற்கிறது. அங்கே மட்டும் லோக்கல்ஹோஸ்ட்தான் சரி. ஆகவே எந்த முகவரி என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கோடு எந்த வீட்டில் உட்கார்ந்து ஓடுகிறது என்று கேளுங்கள்.

சரி, 8 ஜிபி விஷயம். விண்டோஸில் டாக்கர் பெரும்பாலும் டபிள்யூஎஸ்எல் 2-க்குள், அதாவது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற ஒரு லினக்ஸுக்குள் ஓடுகிறது. அது இயல்பாக மொத்த மெமரியில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். மீதி 4 ஜிபியில் விண்டோஸ், பிரவுசர், எடிட்டர் எல்லாம் பிழைக்கவேண்டும். ஐந்தையும் கன்டெய்னரில் ஏற்றினால் ஃபேன் சத்தத்திலேயே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், போஸ்ட்கிரெஸையும் ரெடிஸையும் மட்டும் கன்டெய்னரில் வையுங்கள். நீங்கள் தினமும் கை வைக்கிற ஏபிஐயை வெளியே, சாதாரணமாக நோடில் ஓட்டுங்கள். வொர்க்கரை வேண்டும்போது மட்டும் எழுப்புங்கள், கம்போஸில் புரொஃபைல் என்று ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான். எல்லாவற்றையும் கன்டெய்னரில் போட்டால்தான் கெத்து என்று நினைப்பவர்கள் 32 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்கள்.

இப்போது கவனியுங்கள். ஏபிஐ வெளியே வந்துவிட்டதால் அதற்கு முகவரி மறுபடியும் லோக்கல்ஹோஸ்ட் 5433. உள்ளே போனால் டிபி 5432. சர்வருக்குப் போனால் இன்னொன்று. ஓடுகிற இடத்துக்கு ஒரு முகவரி என்றால் அதைக் கோடுக்குள் எழுதவே கூடாது. டாட் என்வ் என்ற செட்டிங் ஃபைலில் வையுங்கள், அந்த ஃபைலை எல்லாரும் கோடைப் பகிர்கிற கிட்டில் ஏற்றாதீர்கள். மதிப்பு இல்லாமல் பேர் மட்டும் உள்ள ஒரு மாதிரி ஃபைலை ஏற்றுங்கள், உங்களுக்குப் பின்னால் சேருகிற ஆள் உங்களை வாழ்த்துவார்.

அப்புறம், காலையில் முதல் தடவை ஏற்றும்போது மட்டும் ஏபிஐ விழும், இரண்டாம் தடவை நிற்கும். இது எல்லாருக்கும் நடப்பது. ஏபிஐக்கு முன்னால் டிபி கிளம்பவேண்டும் என்று கம்போஸில் டிபெண்ட்ஸ் ஆன் எழுதியிருக்கிறேனே என்பீர்கள். அது போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரைக் கிளப்பிவிட்டோமா என்று மட்டும்தான் பார்க்கும், அது பேசத் தயாரா என்று பார்க்காது. நீங்கள் அம்பாசமுத்திரத்துக்காரர், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாபநாசம் அணையில் ஷட்டரைத் திறந்த நிமிஷமே கன்னடியன் கால்வாயின் கடைமடையில் தண்ணீர் நிற்குமா? தண்ணீர் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதானே நாற்றுக்கு ஆள் கூப்பிடுவார்கள். அந்தப் பார்க்கிற வேலைக்குப் பேர் ஹெல்த்செக். போஸ்ட்கிரெஸோடு பிஜி ஈஸ் ரெடி என்று ஒரு சின்னக் கமாண்ட் வருகிறது. அதை ஹெல்த்செக்கில் போட்டு, ஏபிஐயின் டிபெண்ட்ஸ் ஆனில் கண்டிஷன் சர்வீஸ் ஹெல்தி என்று எழுதுங்கள். நீங்கள் ஏபிஐயை வெளியே ஓட்டப் போகிறீர்கள், அதனால் கம்போஸ் அப் மைனஸ் மைனஸ் வெயிட் என்று கொடுத்தால் போதும். டிபி தயாரான பிறகுதான் கமாண்ட் திரும்பி வரும்.

இன்னொரு பொறி. டாட் என்வில் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டை மாற்றுவீர்கள், திரும்ப ஏற்றுவீர்கள், பழைய பாஸ்வேர்டையே கேட்கும். நான் ஒரு ராத்திரி முழுக்க இதோடு சண்டை போட்டிருக்கிறேன். விஷயம் என்னவென்றால், டேட்டா ஃபோல்டர் காலியாக இருந்தால் மட்டும்தான் போஸ்ட்கிரெஸ் இமேஜ், அதாவது கன்டெய்னரை வார்க்கிற அச்சு, பாஸ்வேர்டைப் படித்து டேட்டாபேஸ் யூசரை உண்டாக்கும். கன்டெய்னர் போனாலும் டேட்டா தங்குகிற வால்யூமில் பழைய டேட்டா இருந்தால் அந்த வரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கம்போஸ் டவுன் மைனஸ் வி கொடுத்தால் வால்யூம் போய்விடும், புதுப் பாஸ்வேர்டு வேலை செய்யும். அதோடு நீங்கள் இரண்டு நாளாகக் கையால் போட்ட டெஸ்ட் புக்கிங்குகளும் போய்விடும். எனக்குப் போயிற்று. அதற்குப் பிறகு, ஐம்பது புக்கிங்கை உள்ளே தள்ளுகிற சீட் ஸ்கிரிப்ட் ஒன்றை முதல் நாளே எழுதிவிடுகிறேன். இமேஜுக்கு லேட்டஸ்ட் என்று போடாமல் 16 என்று நம்பர் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். போஸ்ட்கிரெஸ் 15-இல் உண்டான டேட்டா ஃபோல்டரை 16 திறக்காது.

விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிராஜெக்ட்டை சி டிரைவில் வைத்துக் கன்டெய்னரோடு இணைத்து மவுன்ட் பண்ணினால் ஆமை மாதிரி நகரும், டபிள்யூஎஸ்எல்லின் ஹோம் ஃபோல்டருக்குள் வையுங்கள். ஷெல் ஸ்கிரிப்ட் கண்முன்னால் இருக்கும்போதே “நோ சச் ஃபைல்” என்று வந்தால், வரி முடிவில் விண்டோஸ் சேர்த்த சிஆர் எழுத்துதான் காரணம். கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் எஸ்ஹெச் ஃபைலுக்கு லினக்ஸின் வரி முடிவான எல்எஃப் என்று ஒரு வரி எழுதிவிட்டால் சரியாகும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் சர்வரில் ஏபிஐ இரண்டு காப்பி ஓடுகிறதா என்று ஆபீஸில் கேளுங்கள். ஓடுகிறது என்றால், மாதத்துக்கு ஒரு தடவையாவது லேப்டாப்பில் கம்போஸ் அப் மைனஸ் மைனஸ் ஸ்கேல் ஏபிஐ ஈக்குவல் 2 என்று இரண்டு காப்பி ஓட்டிப் பாருங்கள், அன்றைக்கு மட்டும் ஏபிஐ கன்டெய்னருக்குள் போகட்டும். லாகின் செய்துவிட்டு இரண்டு தடவை ரிஃப்ரெஷ் பண்ணினால் வெளியே தள்ளிவிடும், ஏனென்றால் செஷனை, அதாவது யார் லாகின் ஆனார் என்ற குறிப்பை, யாரோ முதல் காப்பியின் மெமரியில் வைத்திருப்பார்கள். ரெடிஸ் அங்கே சும்மாதானே இருக்கிறது, அதில் வையுங்கள். லாரி ஆர்சி புக் படத்தை ஏற்றினால் ஒரு தடவை தெரியும், ஒரு தடவை தெரியாது, அது ஒரு காப்பியின் டிஸ்கில் மட்டும் இருக்கிறது. ஒரே காப்பி வைத்து ஓட்டினால் இந்த இரண்டும் வாழ்நாளில் கண்ணில் படாது, கஸ்டமர் கண்ணில்தான் படும். இப்படி ஓட்டும்போது ஏபிஐக்கு வெளி போர்ட் கொடுக்காதீர்கள், இரண்டு காப்பிக்கு ஒரே வாசலைக் கொடுக்க முடியாது. வருகிறவர்களை இரண்டு காப்பிக்கும் பிரித்து அனுப்ப முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் வையுங்கள். அது பேருக்குரிய ஐபியைக் கிளம்பும்போது ஒரு தடவைதான் கேட்டு வைத்துக்கொள்ளும், ஆகவே ஸ்கேல் பண்ணியதும் அதையும் ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

இவ்வளவும் செய்தும் நிற்கவில்லை என்றால், கம்போஸ் பிஎஸ் கொடுத்து வருவதையும் ஏபிஐ லாகில் கடைசி இருபது வரியையும் காப்பி பண்ணி அனுப்புங்கள். மொபைலில் ஸ்கிரீனைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள் தம்பி, போன தடவை மூன்று பேர் அனுப்பியதில் ட்யூப்லைட் வெளிச்சம்தான் தெரிந்தது. அடுத்த கேள்வி கடையத்திலிருந்து, ரெடிஸில் கியூ தேங்கி நிற்பதைப் பற்றி.